கலன்களின் மறுவாழ்வு

நுழையும்முன்

எண்ணெய் தீர்ந்த டின், ஊறுகாய் தீர்ந்த சீசா, வண்ணப்பூச்சு தீர்ந்த வாளி ஆகியவை வீட்டின் மூலையில் பயனற்றுக் கிடப்பவை. ஒரு சிறு தொழிற்கூடத்தில் அவையே ஆணிகளையும் திருகாணிகளையும் கருவிகளையும் காக்கும் பெட்டகங்கள் ஆகின்றன. செலவின்றிக் கிடைக்கும் கலனாயினும் அதனைத் தேர்ந்தெடுக்க அறிவியலும், பயன்படுத்த ஒழுங்கும் வேண்டும். ஒரு கலனின் முதல் வாழ்வு முடிந்து இரண்டாம் வாழ்வு தொடங்கும்போது கருத வேண்டியவை எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வீடே தொழிற்கூடம்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர மாநில எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பள்ளிப்பட்டு. மலைமேல் முருகன் கோவில் கொண்ட திருத்தணி இதன் அண்டை நகர். கொசஸ்தலை ஆறு இவ்வூர்ப் பகுதியைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்போது திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் தெருக்கள் இன்றும் இவ்வூரின் இயல்பாக உள்ளன.

பள்ளிப்பட்டும் அதனை அடுத்த பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் ஆகிய ஊர்களும் நெசவுக்குப் பெயர்பெற்றவை. நெசவாளர் வீட்டில் வாழும் இடமும் உழைக்கும் இடமும் ஒன்றே. தறியின் ஓசைக்கு நடுவே சமையல் நடைபெறும். பிள்ளைகள் பாடம் படிப்பர். தறிக்குரிய நாடா, தார்க்குச்சி, போல்ட், நட், வாஷர், ஸ்பிரிங், எண்ணெய்க் குப்பி ஆகியவற்றுக்கென்று தனி அறை அமைவது அரிது. இருசக்கர வண்டி பழுதுபார்ப்பவர், தச்சர், மின்பணியாளர், தையற்கலைஞர் ஆகியோரின் வீடுகளிலும் நிலைமை இதுவே. ஓரிரண்டு சதுர மீட்டர் திண்ணையோ தாழ்வாரமோ அவர்களின் தொழிற்கூடம்.

இத்தகைய இடத்தில் ஒழுங்கு என்பது அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. ஒரு நட் காணாமற்போனால் தறி நிற்கும். தறி நின்றால் அந்நாளின் கூலி குறையும். கடையில் விற்கும் அறைகள் கொண்ட கருவிப்பெட்டியை வாங்குவது சிறுதொழில் செய்வோர் அனைவருக்கும் இயல்வதன்று. ஆனால் அந்தப் பெட்டி செய்யும் பணியை வீட்டில் மாதந்தோறும் காலியாகும் கலன்களே செய்துவிடும்.

கலனும் பெயரும்

கலன்களைப் பணிக்கேற்பப் பகுத்து அறிவது தமிழரின் தொன்மையான வழக்கம். பானை, சட்டி, குடம், தாழி, சாடி, மிடா, குடுவை, செப்பு, சிமிழ், பேழை, குதிர் என விரியும் சொற்கள் வடிவத்தையும் அளவையும் பயனையும் ஒருங்கே உணர்த்துகின்றன. நெல்லைக் காப்பது குதிர். குங்குமத்தைக் காப்பது சிமிழ். இரண்டும் பொருளைக் காப்பவையே எனினும், ஒன்றின் பணியை மற்றொன்று செய்யாது. எனவே பெயரே அதன் பணியைக் கூறிவிடுகிறது.

கலனின் மேல் எழுத்துப் பொறிக்கும் வழக்கமும் பழமையானது. கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் நடந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்துப் பொறிக்கப்பட்ட பானையோடுகள் கிடைத்துள்ளன. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய ஆட்பெயர்கள் காணப்படுகின்றன. இன்று டப்பாவின் மேல் ஒட்டப்படும் பெயர்த்தாளுக்கு முன்னோடி என இப்பொறிப்புகளைக் கருதலாம்.

உடைந்த கலனுக்கு மறுபயன் காணும் வழக்கத்திற்கும் அங்கேயே சான்று உண்டு. உடைந்த பானையோட்டின் விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் கீழடியில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நீர் ஏந்திய பானை உடைந்தபின் விளையாட்டுப் பொருளாக மாறியதை அவை காட்டுகின்றன.

எல்லைப்புற ஊர்களில் கலன்களின் பெயர்கள் மொழி எல்லையையும் கடந்துவிடுகின்றன. டப்பா, சீசா, டின் ஆகிய சொற்களைத் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒருங்கே பயன்படுத்துகின்றனர். வணிகப் பொருள்களோடு அவற்றை ஏந்திவந்த கலன்களின் பெயர்களும் இரு மொழிகளிலும் குடியேறின.

டின் வந்த வழி

இன்று எங்கும் காணப்படும் டின்னின் வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. உணவைக் கெடாமல் அடைத்துக் காக்கும் முறைக்காக 1810ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்ட் காப்புரிமை பெற்றார். வெள்ளீயம் பூசிய இரும்புக் கலன்களும் அதில் இடம்பெற்றன. இரும்பு வலிமை உடையது, ஆனால் துருப்பிடிக்கும். வெள்ளீயம் எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. இரண்டும் இணைந்தபோது, மெல்லிய தகட்டால் ஆன உறுதியான கலன் பிறந்தது.

இந்தியாவில் டின்னை வீடுதோறும் கொண்டுசேர்த்த பொருள்களுள் மண்ணெண்ணெய் முதன்மையானது. ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் நான்கு கேலன் சதுர டின்களில் அது விற்கப்பட்டது. எண்ணெய் தீர்ந்த டின்னின் மேற்பகுதியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டை பொருத்தித் தண்ணீர் சுமந்தனர். அரிசி, பருப்பு, முறுக்கு ஆகியவற்றைக் காக்கவும் செடி வளர்க்கவும் டின் பயன்பட்டது. தகட்டை விரித்து வேலிக்கும் கூரைக்கும் அடித்தனர்.

1937ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டால்டா வனஸ்பதியின் மஞ்சள் நிற டின்னும் அவ்வாறே மறுவாழ்வு பெற்றது. பல வீட்டு முற்றங்களில் துளசி வளர்ந்தது அந்த டின்னில்தான். ஹார்லிக்ஸ் கண்ணாடிப் புட்டி சமையலறை அடுக்குகளில் மிளகையும் கடுகையும் தாங்கியது. குழந்தைகளுக்கான பால்மாவு டின் சில்லறைக் காசுகளையும் பொத்தான்களையும் காத்தது. இவற்றை எவரும் திட்டமிட்டுப் பரப்பவில்லை. பொருளை வாங்கியவர் கலனுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருந்தார். எனவே அதனை வீசியெறிய அவருக்கு மனம் வரவில்லை.

அஞ்சறைப் பெட்டி தரும் பாடம்

தொழிற்கூடத்தை ஒழுங்கு செய்ய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டிய இடம் சமையலறை. தமிழர் வீடுகளில் உள்ள அஞ்சறைப் பெட்டி மிகச் சிறந்த கருவிப்பெட்டியின் இலக்கணத்தைக் கொண்டுள்ளது. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை உண்டு. அனைத்தும் ஒரே மூடியின்கீழ் அடங்குகின்றன. நாள்தோறும் தேவைப்படுபவை மட்டுமே அதில் இடம்பெறும். எஞ்சியவை பெரிய டப்பாக்களில் மேலடுக்கில் இருக்கும். அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கை உரிய அறைக்குச் செல்லும்.

இதிலிருந்து நான்கு நெறிகளைப் பெறலாம். முதலாவது, ஒரு பொருளுக்கு ஓர் இடம். இரண்டாவது, அடிக்கடி எடுப்பது அருகில். எப்போதாவது எடுப்பது தொலைவில். மூன்றாவது, சிறிதளவு கையருகிலும் பெருமளவு சேமிப்பிலும் இருத்தல். நான்காவது, திறந்தவுடன் அனைத்தும் கண்ணில் படுதல். அடுக்களையில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவரும் இந்நெறிகளே பெரிய தொழிற்சாலைகளிலும் பின்பற்றப்படுகின்றன.

ஜப்பானியத் தொழிற்சாலைகளில் வளர்ந்து உலகெங்கும் பரவிய 'ஐந்து எஸ்' முறை இதற்குச் சான்றாகும். செய்ரி, செய்டோன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்னும் ஐந்து ஜப்பானியச் சொற்கள் முறையே தேவையற்றதைப் பிரித்தல், இடம் வகுத்தல், தூய்மை செய்தல், அவ்வொழுங்கை நிலைநிறுத்தல், அதனைப் பழக்கமாக்குதல் என்னும் பொருளில் வழங்குகின்றன. பள்ளிப்பட்டின் தாழ்வாரத்திற்கும் இவை பொருந்தும்.

கலனைத் தேர்ந்தெடுத்தல்

காலியான கலன்கள் அனைத்தும் எல்லாப் பணிக்கும் ஏற்றவை அல்ல. கலன் எப்பொருளால் ஆனது என்பதே அதன் இரண்டாம் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

தகர டின் உறுதியானது. எடையையும் வெப்பத்தையும் தாங்கும். எனவே சுத்தியல், ஸ்பானர், அரம் போன்ற கருவிகளுக்கு ஏற்றது. எனினும் வெட்டிய விளிம்பு கத்தி போன்று கூர்மையானது. அங்கே வெள்ளீயப் பூச்சு அற்றுப்போவதால் துருவும் அங்கிருந்தே தொடங்கும்.

கண்ணாடிப் புட்டியில் உள்ளிருப்பது தெளிவாகத் தெரியும். எண்ணெயும் பெரும்பாலான வேதிப்பொருள்களும் அதனைத் தாக்குவதில்லை. ஆனால் தவறி விழுந்தால் உடையும். ஆதலால் அது தலைக்கு மேலுள்ள அடுக்கிலோ குழந்தைகள் நடமாடும் இடத்திலோ இருத்தல் கூடாது.

நெகிழிக் கலன்களின் அடியில் முக்கோணக் குறிக்குள் 1 முதல் 7 வரையிலான எண்களுள் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். எண் 1 பெட் வகையைக் குறிக்கும். குடிநீர்ப் புட்டிகளும் மிட்டாய் ஜாடிகளும் இவ்வகையின. இவற்றில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும். எண் 2 அடர்த்தி மிகுந்த பாலித்தீன். சமையல் எண்ணெய்க் கேன்களும் சலவை நீர்மக் கேன்களும் பெரும்பாலும் இவ்வகையின. இது பல வேதிப்பொருள்களைத் தாங்கும். எண் 5 பாலிபுரோப்பிலீன். பனிக்கூழ் டப்பாக்களும் பல மூடிகளும் இதனால் ஆனவை. பலமுறை வளைந்தாலும் இது எளிதில் முறியாது. எண் 6 பாலிஸ்டைரீன். தின்னர் போன்ற கரைப்பான்கள் பட்டால் இது இளகிக் கரையும். வெயில் நேராகப் படும் இடத்தில் நெகிழிகள் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. எனவே சாளரத்தின் ஓரமும் திறந்த முற்றமும் இவற்றுக்கு உகந்த இடங்கள் அல்ல.

எடையையும் கருத வேண்டும். 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோ. அதே கனஅளவுள்ள இரும்பின் எடை ஏறத்தாழ 7.8 கிலோ. ஆணிகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பினும், ஒரு லிட்டர் ஜாடி நிறைய ஆணிகளை இட்டால் நீரைக் காட்டிலும் பலமடங்கு எடை கூடும். அரைக் கிலோ மாவைத் தாங்கச் செய்யப்பட்ட கலன் அந்த எடையைத் தாங்காமல் பிளக்கக்கூடும். ஆகவே இரும்புப் பொருள்களுக்குச் சிறு கலன்கள் பலவற்றைப் பயன்படுத்துவதே முறை.

தெரிந்து தெளிவோம்

நெகிழிப் பொருள்களின் அடியில் காணப்படும் எண் குறியீட்டு முறையை 1988ஆம் ஆண்டு அமெரிக்க நெகிழித் தொழில் சங்கம் அறிமுகப்படுத்தியது. பழைய பொருள்களைப் பிரிப்போர் நெகிழியின் வகையை அறிய இது உதவுகிறது. இந்த எண் நெகிழியின் வகையை மட்டுமே காட்டும். அக்கலன் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

அமைக்கும் முறைகள்

முதற்பணி கழுவுதல். எண்ணெய்ப் பசையைச் சோப்புக் கரைசலால் நீக்கி, நன்கு உலர்த்த வேண்டும். ஊறுகாய்ப் புட்டியில் தனிக் கவனம் தேவை. உப்பின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும்; உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு விரைந்து துருப்பிடிக்கும். கழுவாத ஊறுகாய்ப் புட்டியில் இட்ட புதிய ஆணி ஒரு மழைக்காலத்திற்குள் செந்நிறமாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரம் மிகும்போது ஆணிகளின் மேல் சிறிது எண்ணெய் தடவி, மூடியை இறுக மூடுதல் நன்று. புதிய காலணிப் பெட்டிகளிலும் மின்கருவிப் பெட்டிகளிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே இட்டால் அவை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

மூடியைத் தொங்கவிடும் முறை இடத்தைச் சேமிக்கும். பலகை அடுக்கின் அடிப்புறத்தில் ஜாடியின் மூடியைத் திருகாணியால் பொருத்தி, ஜாடியை அதில் திருகித் தொங்கவிடலாம். ஒரே திருகாணியால் பொருத்தினால் ஜாடியைத் திருகும்போது மூடியும் சேர்ந்து சுழலும்; எனவே இரண்டு திருகாணிகள் தேவை. இதற்கு இலேசான நெகிழி ஜாடிகளே உகந்தவை. அவற்றிலும் வாஷர், பொத்தான், சிறு திருகாணி முதலிய எடை குறைந்தவற்றையே இட வேண்டும்.

சாய்வாக வெட்டும் முறை 5 லிட்டர் எண்ணெய்க் கேனுக்கு உரியது. கைப்பிடி உள்ள பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தை மேலிருந்து சாய்வாக வெட்டினால், கைப்பிடியுடன் கூடிய திறந்த பெட்டி கிடைக்கும். தார்க்குச்சிகளையும் நூற்கண்டுகளையும் அதில் இட்டு, வேண்டும் இடத்திற்கு எடுத்துச் செல்லலாம்.

படுக்கவைத்து அடுக்கும் முறை 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு உரியது. மேற்பகுதியை முழுவதும் வெட்டி நீக்கி, விளிம்பை உட்புறமாக மடித்துத் தட்டி, டின்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புறாக்கூடு போன்ற அறைகள் உருவாகும். அண்டை டின்களைச் சிறு போல்ட்டுகளால் பிணைத்தால் அடுக்கு சரியாது. வெட்டும்போது தடித்த கையுறை அணிவதும் தகரக் கத்தரியைப் பயன்படுத்துவதும் வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்ப்பதும் இன்றியமையாதவை.

எரிபொருள், தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் நீர்மங்கள் இருந்த டிரம்மை வீட்டில் வெட்டுதல் அறவே கூடாது. நீர்மம் தீர்ந்திருந்தாலும் உள்ளே ஆவி எஞ்சியிருக்கும். அரவை எந்திரத்தின் ஒரு பொறி பட்டாலும் அது வெடிக்கும். இவ்வகையில் காலி டிரம் நிறைந்த டிரம்மைவிடக் கொடியது.

பழைய பெயரை நீக்குதல்

மறுபயன்பாட்டில் உயிரோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. ஒரு கலனின் வடிவமே ஒரு பெயராகும். குளிர்பானப் புட்டியைக் காணும் குழந்தைக்கு அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது; ஆனால் அது குடிக்கும் பொருள் உள்ள புட்டி என்பது தெரியும். அதில் மண்ணெண்ணெயோ தின்னரோ அமிலமோ ஊற்றி வைக்கப்பட்டிருந்தால் குழந்தை அருந்திவிடும். இருட்டில் தாகத்தோடு கைநீட்டும் பெரியவரும் அவ்வாறே ஏமாறுவார். நிறமற்ற நீர்மங்கள் பல தண்ணீரைப் போலவே தோன்றுகின்றன.

வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக உள்ள ஊர்களில் இந்த இடர் மிகுதி. நூலுக்குச் சாயமேற்றும் பணியில் பயன்படும் காஸ்டிக் சோடாச் சில்லுகள் பார்வைக்குக் கல்லுப்பை ஒத்தவை. அவை தோலையும் உணவுக்குழலையும் அரித்துப் புண்ணாக்கும். அலுமினியப் பாத்திரத்தையும் அரிக்கும். இத்தகைய பொருளை அது விற்கப்பட்ட கலனிலேயே வைத்திருத்தல் வேண்டும். உணவு இருந்த கலனுக்கு அதனை மாற்றுதல் எக்காரணத்தாலும் தகாது.

இதன் மறுதலையும் உண்மையே. நஞ்சு இருந்த கலனை வேறு எப்பணிக்கும் பயன்படுத்துதல் கூடாது. பூச்சிக்கொல்லி தீர்ந்த கலன்கள் மீண்டும் பயன்படாதவாறு, அவற்றை வெளியே போட்டுவைத்தல் கூடாது என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. எத்துணை முறை கழுவினும் அவை தொழிற்கூடத்திற்கு உரியவை ஆகா. உணவுத் துறையிலும் கட்டுப்பாடு உண்டு. ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மீண்டும் சமையல் எண்ணெயை அடைத்து விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்கின்றன. அந்த டின் ஆணிப்பெட்டியாக மாறுவதற்குத் தடையில்லை. ஆணிப்பெட்டி ஆனபின் அது மீண்டும் சமையலறைக்குள் செல்லுதல் கூடாது.

தவறி ஒருவர் இத்தகைய பொருளை அருந்திவிட்டால் அவரை வாந்தி எடுக்கத் தூண்டக் கூடாது. உள்ளே செல்லும்போது புண்ணாக்கிய அமிலம் வெளியே வரும்போதும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் மூச்சுக்குழலுக்குள் செல்லவும் கூடும். உடனே 108 அவசர ஊர்தியை அழைத்து, அருந்திய பொருள் இருந்த கலனையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். என்ன அருந்தினார் என்பதை மருத்துவர் அறிய அக்கலன் உதவும்.

ஆகவே, ஒரு கலனுக்கு மறுவாழ்வு தருதல் என்பது அதன் பழைய பெயரை முற்றிலும் நீக்கிப் புதிய பெயரைச் சூட்டுதலே ஆகும். பழைய பெயர்த்தாளை வெந்நீரில் ஊறவைத்து உரித்தெடுக்க வேண்டும். பெட் கலனாயின் குளிர்ந்த நீரே போதும். புதிய பெயரை அழியாத மையால் மூடியின்மேல் எழுதாமல் உடலின்மேல் எழுத வேண்டும். ஏனெனில் மூடிகள் இடம் மாறக்கூடியவை. தொழிற்கூடக் கலன்கள் அனைத்துக்கும் ஒரே வண்ணப் பட்டை தீட்டினால், அவை சமையலறைக்குத் திரும்பா.

பெயரை எம்மொழியில் எழுதுவது என்னும் வினா பள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் இயல்பாக எழும். தறியில் உழைப்பவருள் ஒருவர் தமிழ் படிக்க அறிந்தவராகவும் மற்றொருவர் தெலுங்கு மட்டுமே படிக்க அறிந்தவராகவும் இருக்கலாம். எழுத்தறியாத முதியவரும் உடன் பணிசெய்யலாம். உள்ளிருக்கும் பொருளுள் ஒன்றையே எடுத்துக் கலனின் வெளிப்புறத்தில் ஒட்டிவிடுதல் இதற்கு எளிய தீர்வாகும். அரையங்குல நட் உள்ள டப்பாவின் முகப்பில் ஓர் அரையங்குல நட் ஒட்டப்பட்டிருந்தால் எவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

நேரமும் வருவாயும்

ஒழுங்கின் பயனை எளிய கணக்கால் அறியலாம். ஒருவர் கருவிகளையும் உதிரிப்பொருள்களையும் தேடுவதில் நாள்தோறும் 10 நிமிடம் செலவிடுகிறார் எனக் கொள்வோர், ஆண்டுக்கு 300 வேலை நாள்களுக்கு அது 3000 நிமிடம், அதாவது 50 மணிநேரம் ஆவதைக் காண்பர். நாளுக்கு 8 மணிநேரம் உழைப்பவர் ஆறு நாள் உழைப்பைத் தேடுதலிலேயே இழக்கிறார். வீட்டில் இருக்கும் பொருளைக் காணாமல் மீண்டும் கடையில் வாங்கும் செலவு இக்கணக்கில் சேரவில்லை. அவசரத்தில் பொருந்தாத ஸ்பானரைக் கொண்டு திருகி நட்டின் முனை மழுங்கும் இழப்பும் சேரவில்லை.

பொருள் கண்ணில் படுவதால் இருப்பும் தெரியும். தெளிந்த ஜாடியில் வாஷர் அடிமட்டத்திற்கு வந்துவிட்டால், தீர்வதற்கு முன்பே வாங்கிவிடலாம். ஜாடியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு இட்டு, அக்கோட்டிற்குக் கீழே சென்றால் வாங்க வேண்டும் என வகுத்துக்கொள்வது சிறுதொழில் செய்வோருக்கு ஏற்ற கணக்கேடாகும்.

குவித்தல் மறுபயன்பாடு அன்று

குறைத்தல், மீளப் பயன்படுத்தல், மறுசுழற்சி செய்தல் என்னும் வரிசையில் மறுபயன்பாடு மறுசுழற்சிக்கு முன்னே வைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. மறுசுழற்சியில் கலனைத் திரட்டி, கழுவி, அரைத்து, உருக்கி மீண்டும் வார்க்க வேண்டும். இதற்கு எரிபொருளும் நீரும் செலவாகின்றன. வீட்டிலேயே மறுபயன் பெறும் கலனுக்குக் கழுவும் நீரைத் தவிரப் பெரும்பாலும் வேறொன்றும் தேவையில்லை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தடை நடைமுறைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு திசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. ஒரு பொருளைப் பலமுறை பயன்படுத்தும் பழைய வழக்கத்தை மீட்பதே இம்முயற்சிகளின் உட்பொருள்.

எனினும் மறுபயன்பாட்டிற்கும் ஓர் எல்லை உண்டு. என்றேனும் உதவும் என்று கலன்களைக் குவித்துக்கொண்டே செல்லுதல் மறுபயன்பாடு ஆகாது. குவியல் இடத்தை அடைக்கும். தேளுக்கும் எலிக்கும் புகலிடமாகும். திறந்து கிடக்கும் டின்னில் தேங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பணி ஒதுக்கப்படாத கலன் வெறும் குப்பையே. ஆறு திங்களுக்குள் பணி கிடைக்காத கலனைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவது நல்ல வரையறை. பழைய இரும்பைக் கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கிய தலைமுறை, வேண்டாத பொருளை விடுவிக்கவும் அறிந்திருந்தது.

கலன் மறுவாழ்விலும் என்றும் நிலைப்பதன்று. பிளந்த நெகிழியும் துருவேறிய தகரமும் கீறல் விழுந்த கண்ணாடியும் தம் பணியை முடித்தவை. அவற்றை வகை பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்கும்போது, உடைந்த கண்ணாடியையும் கூரிய தகரத்தையும் தடித்த தாளில் சுற்றிக் குறியிட்டுத் தருதல் கடமை. அதனை அடுத்துத் தொடும் கை வேறொருவருடையது.

கற்பவை கற்றபின்...

1. இல்லத்தில் ஒரு மாதத்தில் காலியாகும் கலன்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எப்பொருளால் ஆனது, எப்பணிக்கு ஏற்றது என்பதை அட்டவணைப்படுத்துக.

2. இல்லத்தில் உணவுக் கலனுக்கு மாற்றி வைக்கப்பட்டுள்ள வேதிப்பொருள் ஏதேனும் உள்ளதா என்பதைப் பெரியோர் துணையுடன் ஆய்ந்து, வகுப்பில் கலந்துரையாடுக.

3. கலன்களைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களையும், வட்டார வழக்கில் இன்று வழங்கும் சொற்களையும் தொகுத்து அகராதி ஒன்று உருவாக்குக.

4. வட்டாரத்தில் தொழில் செய்யும் ஒருவரின் தொழிற்கூடத்தைக் கண்டு, அவர் பின்பற்றும் ஒழுங்குமுறையைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.